தாய்ச்செடியைக் காட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நிற்கிற ஒவ்வொரு செடிக்கும் பூர்வீகம் உண்டு. கோடிக் காம்பராவின் வெள்ளை ரோசா, துரை பங்களாவில் கத்தரித்து எறிந்த குச்சி. அங்கே தோட்டக்காரராக இருந்த தாத்தா ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நடுக் காம்பராவின் ஜெரேனியம், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பார்க்கப் போன ஒருத்தி முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தது. டேலியாக் கிழங்கு, நானுஓயாப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது அவள் பையில் வந்தது. சரியான பெயர் எதற்கும் யாருக்கும் தெரியாது. பங்களா வெள்ளை, ஆஸ்பத்திரிச் சிவப்பு என்றுதான் சொல்லுவோம். செடி கேட்டு வருகிறவரும் அதன் பெயரைக் கேட்க மாட்டார். யார் வீட்டுச் செடி என்று கேட்பார்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் பொகவந்தலாவைக்குப் போகிற ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக, தகரக் கூரையில் கல் ஏற்றி வைத்தபடி நிற்கும். வாசலில் மட்டும் பால்மா டின்னிலும் பெயின்ட் வாளியிலும் பூ குலுங்கும். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கின கையோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண்களோடுதான் நான் வளர்ந்தேன். இதுதான் அவர்களுடைய ஒரே சந்தோஷம் என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் டிவி நாடகமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

செடி விஷயத்தில் எங்கள் லயத்துக்கு உச்ச நீதிமன்றம் பெரியம்மா. பென்சன் வாங்கும்வரை தேயிலை நர்சரியில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த மலைகளில் ஒரு மரத்தைப் போல இன்னொரு மரம் இருக்காது. ஒன்று அகல இலை, பக்கத்திலேயே இன்னொன்று சிற்றிலை. ஒன்று வெயிலைத் தாங்கும், ஒன்று காய்ந்துவிடும். பிறகு தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம், நல்ல தாய்ச்செடியாகத் தேர்ந்தெடுத்து, அதன் தண்டில் ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டி நட்டு வளர்க்கிற முறையைப் பரப்பியது. அதைத்தான் தோட்டத்தில் வீ.பி. தேயிலை என்பார்கள். 2025, 2026 என்று அந்த இனங்களுக்கு இலக்கம்தான் பெயர். பெரியம்மா அந்த இலக்கங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார். "விதை போட்டா என்ன வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும், குச்சி வச்சா தாய் மாதிரியே வரும்" என்பது அவர் நர்சரியில் கற்ற பாடம். எந்தச் செடியை யார் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, "தாய்ச்செடிய பாத்தியா?"

2020இல் ஊரடங்கு வந்தது. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்த பிள்ளைகளெல்லாம் போனும் கையுமாக லயத்துக்குத் திரும்பினார்கள். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடமும் மூடியிருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்ப வேண்டும் என்று கடன் வாங்கி வாங்கிய போன்களில், பாடம் போன நேரம் போக மிச்ச நேரத்தில் இணையக் கடைகள் திறந்தன. நாடு முழுவதும் பூச்செடிப் பைத்தியம் பிடித்த காலம் அது. எங்கள் பகுதியில் செடி வளர்க்கிறவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். மஸ்கெலியா, கொட்டகலை, லிந்துலை, ராகலை என்று ஆள் சேர்ந்தது.

அந்த நாட்களில்தான் நீல ரோசா விதை வந்தது.

வாங்கியவள் எங்கள் லயத்துத் தங்கச்சி. கெட்டிக்காரி. கைக்காசைச் சும்மா வீசுகிறவள் அல்ல. வாங்கும் முன் என்னிடம் போனைக் காட்டினாள். கடல் நீலத்தில் ஒரு ரோசாப் படம். கீழே ஐந்துக்கு 4.8 ஸ்டார், அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் வாங்கியவர்களின் கருத்து. "எத்தன பேர் நல்லம்னு போட்டிருக்காங்க பாருங்க டீச்சர்." ஒவ்வொன்றாக இறக்கி இறக்கிப் படித்திருந்தாள். நல்ல சாமான், சீக்கிரம் வந்தது, இந்தக் கடையை நம்பி வாங்கலாம். அவள் செய்ததில் பிழை என்ன? புதுக்கடையில் சீலை எடுக்குமுன் ஏற்கனவே எடுத்தவளைக் கேட்பது நமக்குப் பழக்கம்தான். அவளும் கேட்டாள். பதில் சொன்னவர்கள்தான் ஆட்களாக இல்லை.

லயத்துக்குப் பொதி வந்து சேர்வது பெரிய கதை. எங்கள் காம்பராவுக்கு இலக்கம் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. கடிதம் எதுவானாலும் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது எடுத்து வந்தால் உண்டு. கொரியர்காரன் ஹட்டன் டவுனிலிருந்து போன் எடுத்து, "மேல வர ஏலாது, இறங்கி வந்து எடுங்க" என்பான். அரைநாள் வேலையை விட்டு, பஸ் பிடித்துப் போய், காசைக் கொடுத்த பிறகுதான் உறை கைக்கு வரும். அன்று உறைக்குள் இருந்தது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை, அதற்குள் எள்ளு மாதிரிக் கொஞ்சம் விதை. வாங்கிய கையோடு போன் கேட்டது: எத்தனை ஸ்டார் போடுகிறீர்கள்? போட்டால் அடுத்த முறை கழிவு உண்டு. பை வந்துவிட்டது, கிழியவில்லை. அவளும் ஐந்து ஸ்டார் போட்டாள்.

விதை விற்கிற கடையில் பொய்யான கருத்தே ஒன்றும் இல்லாவிட்டாலும், உண்மையான கருத்துகள் எல்லாம் இப்படிப் பொதி வந்த அன்றைக்கு எழுதியவை. பூக்கிற காலத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர் எத்தனை பேர்? போன் உறைக்கும் செருப்புக்கும் இது பொருந்தலாம். செடிக்கு எப்படிப் பொருந்தும்?

பெரியம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரோசாவுக்கு யாருடி விதை போடுறது?" என்று கேட்டதோடு சரி. டின்னில் போட்ட விதை ஒரு கிழமையிலேயே முளைத்தது. ரோசா விதை அப்படி முளைக்காது. குளிரில் கிடந்து, மாதக்கணக்கில் காக்க வைத்து, அதிலும் பாதி முளைக்காமல் போகும். இது விறுவிறு என்று வளர்ந்தது. நான்காவது இலை விட்டதும் பெரியம்மா கசக்கி மோந்து பார்த்தார். தக்காளி.

உலகத்தில் நீல ரோசா எங்கேயும் கிடையாது. ரோசாச் செடிக்கு நீலச் சாயத்தைத் தானே உண்டாக்குகிற சத்தில்லை. ஜப்பானின் சன்டோரி கொம்பனி அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, பான்சிப் பூவின் மரபணுவை எடுத்து ரோசாவில் செலுத்தி, 1990இல் தொடங்கிய வேலையை 2004இல் முடித்ததாக அறிவித்தது. 2009இல் அந்தப் பூ ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அத்தனை பாடுபட்டும் அது வெளிறிய ஊதாதான். வானவில் நிற ரோசா என்று காட்டுகிறார்களே, அது வெள்ளைப் பூவின் காம்பைப் பிளந்து, ஒவ்வொரு பிளவையும் ஒவ்வொரு சாயத்தில் வைத்து உறிஞ்ச விட்டது. இதையெல்லாம் குழுவில் நான் விளக்கமாக எழுதினேன். அதைப் படித்தவர்களைவிட, தக்காளிச் செடியின் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம்.

அந்த விதை வெளிநாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் இன்னொன்றும் எழுதினேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவர முடியாது. வெற்றுச் சட்டம் என்று நினைக்க நமக்குத் தகுதியில்லை. 1869இல் கோப்பி இலையில் தெரிந்த ஒரு செம்மஞ்சள் துரு இந்த மலைகளிலிருந்த கோப்பியையே துடைத்துவிட்டுப் போனது. அந்த இடத்தில் வந்ததுதான் இந்தத் தேயிலை முழுவதும்.

கருத்து எழுதிய அந்த நூற்றுக்கணக்கான பேர் யார் என்பது தெரிய வந்தது வேறு வழியில். என் சித்தப்பா மகன் கொழும்பில் போன் சாமான் விற்கிற ஒரு கடையில் வேலைக்கு நின்றான். தீபாவளிக்கு லீவில் வந்தபோது, எங்கள் விதைக் கதையைக் கேட்டுச் சிரித்தான். "அக்கா, இத நாங்களே செய்றதுதானே" என்றான், ஏதோ பெட்டி கட்டுகிற வேலையைச் சொல்லுகிற மாதிரி.

அவன் சொன்ன விவரம் இது. புதுச் சாமானை ஸ்டார் இல்லாமல் போட்டால் யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள். ஆகவே கடையே ஆட்களைப் பிடித்து ஆர்டர் போடச் சொல்லும். காசைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிடும். பெட்டி உண்மையாகவே போகும். கொரியர்காரன் கொண்டுபோய்க் கொடுத்ததாகப் பதிவு வேண்டுமே. உள்ளே பழைய பத்திரிகையைக் கசக்கி வைப்பார்கள், பாரத்துக்கு ஒரு துண்டு ஓடு. பொதி போய்ச் சேர்ந்ததும் 'வாங்கியவர்' என்ற முத்திரையோடு ஐந்து ஸ்டார் விழும். ஒரே ஆளே எழுதினால் பிடிபடும் என்பதால் ஊரும் பெயரும் மாற வேண்டும். கடைப் பையன்கள் வீட்டிலிருக்கிற அம்மா, அத்தை, பாட்டி எல்லாருடைய பெயரிலும் கணக்குத் திறந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் சந்தேகம் வரும் என்று இடையில் ஒரு நான்கும் போடுவார்களாம். 'சாமான் நல்லம், பெட்டி கொஞ்சம் நசுங்கியிருந்தது' என்று ஒரு குறையும் எழுதுவார்களாம். அந்த நசுங்கின பெட்டியை இப்போது எங்கே பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கொஞ்சம் தேடிப் பார்த்தோம். போன் உறை ஒன்றுக்குக் கீழே எங்கள் அத்தையின் பெயர், மஸ்கெலியா என்ற ஊரோடு. கைக்குக் கச்சிதமாக இருக்கிறது, நிறமும் பிடித்திருக்கிறது என்று இங்கிலீசில் எழுதியிருந்தார். அத்தைக்குத் தமிழே கையெழுத்து அளவுக்குத்தான். போனும் கிடையாது. வாசித்துக் காட்டியபோது கோபப்படுவார் என்று நினைத்தேன். "எவ்வளவுடா குடுத்தாங்க?" என்றுதான் கேட்டார். ஒரு கருத்துக்கு 40 ரூபா என்றான். "எம் பேர போட்டதுக்கு அரைப்பேர் காசாவது தந்திருக்க வேணாமா" என்றார். மலையில் அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். காலம்பூராவும் கொழுந்து நிறுவையில் வெட்டப்பட்ட கிலோக்களுக்குக் கணக்குக் கேட்ட வாய், இதற்கும் கேட்டது.

தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, அதற்கும் எத்தனை வருடப் போராட்டம். கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் பிடிக்கிற பையனிடம், போனில் விரலை அழுத்தினால் 40 ரூபா என்றால் அழுத்தத்தான் செய்வான். பின்னால் வேறு விதமாகவும் செய்தி வந்தது: ஸ்டார் போடு, லைக் போடு, காசு தருகிறோம். முதலில் கொஞ்சம் காசு வரும். பிறகு, பெரிய வேலைக்கு முற்பணம் கட்டு என்பார்கள். 2024 ஜூன் மாதத்தில் நீர்கொழும்பு, மடிவெல, பத்தரமுல்லை பகுதிகளில் பொலிஸ் பிடித்த இணைய மோசடிக் கும்பலும் இப்படி வாட்ஸ்அப் குழுவில் இழுத்த ஆட்களின் முறைப்பாட்டில்தான் பிடிபட்டது. போலி ஸ்டார் பார்த்து ஏமாறுகிறவனும், அதைப் போடப் போய் ஏமாறுகிறவனும் ஒரே லயத்தில் இருக்கிறார்கள்.

வழக்குகளும் சட்டங்களும் வராமல் இல்லை. 2022 ஜூலையில் அமேசன், போலிக் கருத்துக்கு ஆள் பிடிக்கிற 10,000க்கும் மேற்பட்ட பேஸ்புக் குழுக்களை நடத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டது. அதே வருடம் நவம்பரில் இந்தியா இணையக் கருத்துகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்காவிலும் 2025 ஏப்ரலில் இங்கிலாந்திலும் போலிக் கருத்து எழுதுவதும் வாங்குவதும் தடையானது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டம், வியாபாரி ஆட்களை ஏமாற்றும் விதமாக நடக்கக்கூடாது என்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. தக்காளி முளைத்ததற்கு 1977ஐக் கூப்பிட எங்கள் தங்கச்சிக்கு வெட்கம். போன காசு இரண்டு நாள் கொழுந்துக் காசுகூட இல்லை. இந்த வியாபாரம் நடப்பதே அந்த வெட்கத்தில்தான்.

முன்பு எங்கள் லயத்துக்குப் புடவைக்காரர் வருவார். தலையில் மூட்டையோடு, சம்பளநாளான பத்தாம் திகதியை ஒட்டி வருவார். கடனுக்குத்தான் கொடுப்பார், கொப்பியில் பெயரையும் தொகையையும் எழுதிக்கொள்வார். விலையில் கூடுதல் வைக்காமல் இல்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் சாயம் போகிற சீலையைத் தள்ளிவிட அவருக்குத் துணிச்சல் வராது. அடுத்த மாதம் காசு வாங்க அதே படியில் ஏறி வர வேண்டும். வந்தால் ஸ்தோப்பில் அந்தச் சீலை காய்ந்துகொண்டிருக்கும். அவர் நல்லவரா கெட்டவரா என்று எங்கள் அம்மாக்கள் ஆராய்ந்ததில்லை. திரும்பி வர வேண்டியவரா என்று மட்டும் பார்த்தார்கள்.

குழுவில் நாங்கள் ஒரு விதி வைத்தோம். எந்தக் கடைச் செடியையும் நல்லம் என்று சொல்ல வேண்டுமானால், பூத்த பிறகு சொல்ல வேண்டும். படமும் போட வேண்டும். படத்தில் பூவோடு உங்கள் வாசலும் தெரிய வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தில் லயத்துச் சுவர் இருக்காதே. விதி நன்றாகத்தான் ஓடியது. லிந்துலை அக்கா காட்டிய பிகோனியாவைப் பார்த்து அதே ஆளிடம் பலர் வாங்கினார்கள், ஒருவரும் ஏமாறவில்லை.

பிறகு ராகலையிலிருந்து ஒரு பிள்ளை தனியாக எனக்கு எழுதியது. "டீச்சர், எங்க சுவர் நனஞ்சு பாசி புடிச்சு கெடக்கு. அத எல்லாருக்கும் காட்டணுமா?" எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று பட்டது. பொய் எழுதுகிறவனுக்கு முகம் வேண்டாம், ஊர் வேண்டாம். உண்மை சொல்லுகிறவள்தான் ஒழுகுகிற கூரையைக் காட்டி அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சுவர் வேண்டாம், செடியோடு உங்கள் கை தெரிந்தால் போதும் என்று மாற்றினோம். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை எங்கள் ஆட்களுக்கு அடையாளம் காட்டித் தரத் தேவையில்லை.

2022இல் ரூபா விழுந்தபோது தம்பியின் கொழும்புக் கடை ஆளைக் குறைத்தது. அவன் கொட்டகலையில் மாமனார் வீட்டோடு வந்து தங்கி, செடி விற்கத் தொடங்கினான். சாமான் விற்கிற சூட்சுமம் எல்லாம் தெரிந்த ஆள். பக்கம் திறந்தான், படம் போட்டான். பிறகு குழுவில் எல்லாரையும் கேட்டான்: "அக்காமாரே, ஆளுக்கொரு ஐந்து ஸ்டார் போட்டுவிடுங்க." ஒருத்தரும் அசையவில்லை. பெரியம்மா என் போனை வாங்கிக் குரல்பதிவு அனுப்பினார்: "செடிய அனுப்பு. பூக்கட்டும். பாப்பம்." அவ்வளவு நாளைக்குக் கடை தாங்காது பெரியம்மா என்று அவன் கெஞ்சியதும் பலிக்கவில்லை.

ஹைட்ரேஞ்சியா அனுப்பினான். படத்தில் பந்து பந்தாக ரோசா நிறப் பூ. பெரியம்மா வாசல் மண்ணில் நட்டார். அடுத்த சீசனில் பூத்தபோது பார்த்தால் நல்ல நீலம். பெரியம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "சொந்தப் புள்ளையே ஒன்ன காட்டி ஒன்ன குடுத்துட்டான்" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினார். அவன் கொட்டகலையிலிருந்து சத்தியம் செய்தான்: அதே தாய்ச்செடி, அவன் வாசலில் இன்னும் ரோசா நிறத்தில்தான் நிற்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. புளிப்பு மண்ணில் ஹைட்ரேஞ்சியா அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும். சுண்ணாம்புச் சத்து ஏறிய மண்ணில் ரோசா நிறமாகும். தேயிலைக்கு வேண்டியது புளிப்பு மண், எங்கள் வாசலும் அந்த மலையின் துண்டுதான். கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போடுகிற டொலமைட் மிச்சத்தை யாரோ கொடுக்க, தம்பி அதைத் தன் சாடி மண்ணில் கலந்திருந்தான். நான் விளக்கியதைப் பெரியம்மா நம்பவில்லை. "அங்க போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். பஸ் காசு அவன் தரட்டும்" என்றார். தந்தான். போய்ப் பார்த்தார், மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார், அவன் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டார், இன்னும் இரண்டு குச்சி ஒடித்துக்கொண்டு வந்தார்.

தம்பி இப்போது அந்தச் செடிக்குக் கீழே, தேயிலை மண்ணில் நட்டால் நீலமாகப் பூக்கும் என்று எழுதியிருக்கிறான். அதை வாசித்துவிட்டுப் பண்டாரவளையிலிருந்தும் ஆர்டர் வருகிறதாம். பெரியம்மாவின் பெயரில் ஒரு கருத்து இருக்கிறது, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது: செடி நல்ல செடி, வேர் பிடித்தது, ஆனால் அனுப்புகிற பையன் பேச்சு அதிகம். மூன்று ஸ்டார். நான்காக்கச் சொல்லி அவன் இன்னமும் போன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.